கடலடித் தூணுக்கு ஒரு லென்ஸ்

நீருக்கடியில் படமெடுக்க லென்ஸ் தேர்வதும் தரையில் படமெடுக்கத் தேர்வதும் ஒன்றன்று. தரையில் லென்ஸுக்கும் காட்சிக்கும் இடையே இருப்பது காற்று. அதை நாம் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. நீரில் இறங்கியதும் இடையிலுள்ள நீரே முதல் லென்ஸாகிவிடுகிறது. கேமராவைக் காக்கும் உறையின் முகப்புக் கண்ணாடி இரண்டாவது. விலை கொடுத்து வாங்கும் லென்ஸுக்கு மூன்றாம் இடம்தான். எனவே எந்த லென்ஸ் என்று கேட்பவர், எந்தக் கண்ணாடியின் வழியாக, எவ்வளவு தொலைவிலிருந்து என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்டாக வேண்டும். கடந்த இரண்டாண்டுகளாக இக்கேள்விகளோடுதான் எங்கள் மாலைப்பொழுதுகள் கழிந்திருக்கின்றன.

நாங்கள் அண்ணன் தம்பி இருவர். ஒருவருக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் வேலை. மற்றவர் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறார். வீடு தேன்கனிக்கோட்டையில். ராகி முற்றும் மாதங்களில் யானைகள் வந்துபோகும் ஊர் இது. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கடற்கரையை அடைய ஓர் இரவுப் பயணம் வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க்கடை பெஞ்சில் புழங்குகிற இவ்வூரில் மூன்று மொழிகளிலும் கடலுக்குச் சொல் உண்டு. கன்னடத்திலும் அது ஏறத்தாழ நம் கடலேதான். கடல்தான் இல்லை.

எங்கள் அம்மா பிறந்தது திருகோணமலையில். 1983 கலவரத்துக்குப் பிறகு பெற்றோருடன் தமிழகம் வந்து, ஓசூரில் லேத் பிடித்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாவை மணந்து இம்மலைநாட்டுக்காரர் ஆனார். நாற்பது ஆண்டுகளில் அவர் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்துவிட்டன. கோணேசர் கோயிலைப் பற்றிப் பேசும்போது மட்டும் பழைய பேச்சு திரும்பி வரும். "கோயிலின்ர தூணெல்லாம் கடலுக்குள்ள கிடக்குதாம், பிள்ளையள். எங்கட வீட்டில ஆரும் கண்டதில்லை" என்பார். இப்போது முழங்கால் வலி அவரை வீட்டுப் படிக்கட்டோடு நிறுத்திவிட்டது. அத்தூண்களில் ஒன்றையாவது படமெடுத்து வந்து அவருக்குக் காட்டவேண்டும் என்பதே எங்கள் முயற்சி. மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

திருக்கோணேச்சரம் ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சுவாமிப் பாறையின் மீது நின்ற அக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1622-ல் இடித்தனர். கற்களில் ஒரு பகுதி அருகில் அவர்கள் எழுப்பிய கோட்டைக்குச் சுவராயிற்று. ஒரு பகுதி பாறை விளிம்பிலிருந்து கடலில் விழுந்தது. கோட்டை வாயிற்கல்லில் பாண்டியரின் இரட்டை மீன் சின்னம் இன்றும் இருக்கிறது. 1950-ல் நகரசபையினர் நீருக்காகக் கிணறு தோண்டியபோது, புதைத்துவைக்கப்பட்டிருந்த பழைய திருமேனிகள் சில வெளிவந்தன. மண்ணுக்குள் போனவை அப்படித் திரும்பின. கடலுக்குள் போனவற்றைக் காண ஒருவர் நீருக்குள் இறங்க வேண்டியிருந்தது.

இறங்கியவர் மைக் வில்சன். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு 1956-ல் இலங்கை வந்த முக்குளிப்பாளர், ஒளிப்படக்காரர். அவ்வாண்டு சுவாமிப் பாறையின் அடியில் நீந்தியபோது, பெரும்பாறைகளுக்கிடையே செதுக்கிய கற்களும் தூண்களும் சிதறிக் கிடப்பதைக் கண்டு படமெடுத்தார். அடுத்த ஆண்டு வெளியான 'த ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' என்ற கிளார்க்கின் நூலில் அவ்வனுபவம் இடம்பெற்றது. கடலடியில் கிடைத்த லிங்கம், மீண்டும் எழுப்பப்பட்ட கோயிலில் இன்று வழிபாட்டில் உள்ளது. வில்சனோ பின்னாளில் கதிர்காம முருகனின் அடியாராகி, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் துறவு வாழ்வு வாழ்ந்தார். ஒரு மனிதர் நீருக்கடியில் எதைப் பார்க்கிறார் என்பது அவரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது போலும்.

அவர் படமெடுத்த காலத்தில் நீரடிக் கேமரா கடையில் கிடைக்கும் சரக்காகவில்லை. கூஸ்தோவின் குழுவினர் உருவாக்கிய கலிப்ஸோ கேமராவை ஏற்றுக்கொண்டு நிக்கான் நிறுவனம் 1963-ல் நிக்கானோஸ் என்று வெளியிட்டது. பல தலைமுறை மாடல்களுக்குப் பிறகு 2001-ல் அதன் உற்பத்தி நின்றது. இன்று பெரும்பாலோர் செய்வது, தரைக்கென்று செய்த கேமராவை நீர்புகாத உறைக்குள் வைத்து இறக்குவதுதான். உறைக்கு ஹவுசிங் என்று பெயர். அதன் முகப்பில் லென்ஸுக்கு முன்னால் பொருத்தும் கண்ணாடிச் சாளரம் போர்ட். இரண்டு வகைப் போர்ட்கள் உண்டு: தட்டையானது ஒன்று, குமிழ்போல் வளைந்தது மற்றொன்று. வளைந்ததை டோம் போர்ட் என்பார்கள்.

கிணற்றுப் படியில் நின்று உள்ளே பார்த்த எவருக்கும் தட்டை போர்ட்டின் இயல்பு தெரிந்ததுதான். அடியில் கிடக்கும் சொம்பு இருக்கும் ஆழத்தைவிட மேலே தெரியும். நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33; காற்றுக்கு 1. ஒளி நீரிலிருந்து காற்றுக்குள் வரும்போது வெளிப்புறமாகச் சாய்வதால், நான்கு அடியில் இருக்கும் பொருள் மூன்று அடியில் இருப்பதாகத் தோன்றுகிறது. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் கேமராவும் இதையேதான் காண்கிறது. பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிறது, பார்வைப் பரப்பு அந்த அளவுக்குச் சுருங்குகிறது. அகலமாகப் பார்க்கும் லென்ஸாக இருந்தால் விளிம்புகளில் கோடுகள் இழுபட்டு, நிறங்கள் பிரிந்து ஓரம் கட்டுகின்றன.

இந்தப் பெரிதாக்கல் சிலருக்கு வரம். விரல்நுனி அளவுள்ள கடல் நத்தையையோ இறாலின் கண்ணையோ படமெடுப்பவர்கள் 60 அல்லது 100 மி.மீ. மாக்ரோ லென்ஸைத் தட்டை போர்ட்டுக்குப் பின்னால் வைக்கிறார்கள். ஒரு சாண் தொலைவிலிருந்து எடுப்பதால் கலங்கிய நீர்கூட அவர்களைப் பெரிதாகத் தொல்லை செய்வதில்லை. நாங்கள் கலந்துபேசிய பலரும் முதலில் மாக்ரோவில் தொடங்கச் சொன்னார்கள். செலவும் குறைவு, முதல் நாளே நல்ல படமும் கிடைக்கும்.

அந்த அறிவுரையை நாங்கள் நெடுநேரம் எடைபோட்டோம். மன்னார் வளைகுடாவை நினைத்துப் பார்த்ததும் முடிவு எளிதாயிற்று. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட அக்கடற்பகுதி 1986-ல் தேசியப் பூங்காவானது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த காலம் ஒன்று அதற்கு முன்பு இருந்தது. தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கிவிட்டன. கடல்நீர் சூடேறிய 2010, 2016 ஆண்டுகளில் பவளங்கள் பரவலாக வெளுத்தன. இறந்த பவளத்தின் மீது ஊரும் ஒரு நத்தையை மாக்ரோவில் எடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும். நத்தையைச் சுற்றிப் பவளம் உயிரோடிருக்கிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது. இனம் பிரித்தறிய மாக்ரோ வேண்டும். நிலை அறிய அகலம் வேண்டும். கடலடித் தூணும் அப்படியே. அதன் பூவேலைப்பாட்டை மட்டும் நெருங்கி எடுத்துவந்தால் அது எந்த அருங்காட்சியகத்திலும் இருக்கக்கூடிய கல். அது கடலில் கிடக்கிறது, பாறைகளுக்கிடையே மீன்கள் சூழக் கிடக்கிறது என்பதே அம்மா கேட்டு வளர்ந்த செய்தி.

அகலம் வேண்டுமானால் பின்னால் தள்ளி நின்று எடுக்கலாமே என்று தரையில் நிற்பவருக்குத் தோன்றும். நீரில் அது நடவாது. ஓர் ஆள் நீளமுள்ள தூண் என்று வைத்துக்கொள்வோம். முழுச்சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்குள் அது நீளவாக்கில் அடங்கத் தரையில் இரண்டரை மீட்டர் விலக வேண்டும். நீரில் தட்டை போர்ட்டின் வழியாக மூன்றேகால் மீட்டருக்கும் அதிகம். அந்த மூன்றேகால் மீட்டர் நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் படத்தில் இருக்கும். ஃப்ளாஷ் போட்டால் துகள்கள் வெண்புள்ளிகளாகிப் படமே மாவு தூவியதுபோல் ஆகும். நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடுகிறது. ஃப்ளாஷின் ஒளி போய்த் திரும்பும் தூரமும் அந்தக் கணக்கில் சேரும். ஆகையால் நீரடிப் படக்கலையின் முதல் பாடம் நெருங்குவது. அகல லென்ஸ் நீரடிக் கலைஞருக்கு எதற்கு என்றால், பரந்த காட்சியை எட்டி நின்று பிடிக்க அன்று. பெரிய பொருளை ஒட்டி நின்று பிடிக்க.

அகல லென்ஸுக்குத் தட்டைக் கண்ணாடி ஒத்துவராது என்று கண்டோம். டோமின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒரு கோளத்தின் மையத்தை நோக்கி வரும் எந்தக் கோடும் அதன் பரப்பைச் செங்குத்தாகவே வெட்டும். செங்குத்தாக வரும் ஒளி வளையாது. லென்ஸுக்குள் பார்வைக் கோடுகளெல்லாம் வந்து கூடும் புள்ளியை டோமின் மையத்தில் நிறுத்திவிட்டால், ஒளிவிலகல் பார்வைக் கோணத்தைத் திருட முடியாது. தரையில் எவ்வளவு அகலம் தெரியுமோ நீரிலும் அவ்வளவும் தெரியும்.

இதற்கு டோம் வாங்கும் கூலி ஒன்று உண்டு. ஒருபுறம் நீர், மறுபுறம் காற்று என்றானதும் டோம் தானே ஒரு குழிலென்ஸாக வேலை செய்கிறது. கேமரா தூணைப் பார்ப்பதில்லை. டோமுக்குச் சற்று முன்னால் உருவாகும் தூணின் மாயபிம்பத்தைப் பார்க்கிறது. எத்தனை தொலைவிலுள்ள பொருளின் பிம்பமும் டோமின் பரப்பிலிருந்து அதன் ஆரத்தைப்போல் மூன்று மடங்குக்குள் அடங்கிவிடும். 10 செ.மீ. ஆரமுள்ள டோமுக்கு 30 செ.மீ. ஆரம் 5 செ.மீ. என்றால் 15 செ.மீ. கடல் முழுவதும் ஒரு முழத்துக்குள்! எனவே அவ்வளவு அருகில் குவியக்கூடிய லென்ஸாக இருந்தாலொழிய டோமுக்குப் பின்னால் அது குருடு. லென்ஸின் மிகக்குறைந்த குவிதொலைவு எவ்வளவு என்பதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி என்று கற்றுக்கொண்டோம்.

அந்த மாயபிம்பம் தட்டையாக இருப்பதில்லை, கிண்ணம்போல் வளைந்திருக்கும். நடுப்பகுதி கூர்மையாக அமைந்தால் மூலைகள் குழையும். துளையை எஃப் 8, எஃப் 11 என்று சுருக்கிச் சமாளிக்கலாம். டோம் பெரிதாக ஆக இந்தக் குறை குறையும். பாதி நீரிலும் பாதி வானிலுமாக ஒரே படம் எடுப்பவர்களுக்கும் பெரிய டோமே உதவும்.

அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாம் அல்லவா? கணக்குப் போட்டோம். 20 செ.மீ. விட்டமுள்ள அரைக்கோளம் இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமான நீரை விலக்கும். டோமின் எடை போக மீதியெல்லாம் கேமராவின் மூக்கை மேலே தூக்கும் விசை. பாறை இடுக்கில் ஒரு கையால் கேமராவைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு அதை அறியும். 20 மீட்டர் ஆழத்தில் கூடுதல் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. அவ்வளவு பெரிய டோமின் முகத்தில் அறுநூறு கிலோவுக்கு மேல் சுமை உட்காரும். 10 செ.மீ. டோம் என்றால் விலகும் நீர் கால் லிட்டர், சுமை நூற்றைம்பது கிலோவையொட்டி. அளவில் சிறியது பொருளுக்கு மிக அருகில் போகும், இடுக்குகளில் நுழையும், ஃப்ளாஷ் விளக்குகளைப் பக்கத்தில் வைக்க இடம் விடும்.

எந்தப் பொருளால் ஆன டோம் என்பது அடுத்தது. கண்ணாடி எளிதில் கீறாது, பூச்சு ஏற்றலாம், எதிரொளியை நன்கு தாங்கும். கனமும் விலையும் அதிகம். அக்ரிலிக் எளிதில் கீறும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.49, நீருக்குக் கண்ணாடியைவிடச் சற்று நெருக்கம். கீறலுக்குள் நீர் புகுந்ததும் சிறு கீறல்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். கரைக்கு வந்தபின் மெல்லிய உப்புத்தாளும் பாலிஷும் கொண்டு தேய்த்து எடுக்கலாம். தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற சொல் டூல் ரூம்காரரின் காதில் எப்போதும் இனிமையாகவே விழும்.

இவ்வளவும் ஆனபின் எங்களைப் பல வாரங்கள் நிறுத்திவைத்த சிக்கல் வேறொன்று. சிறிய டோமுக்குப் பின்னால் சிறப்பாக வேலை செய்வது மீன்கண் லென்ஸ். டோக்கினா நிறுவனம் 2000-களில் கொண்டுவந்த 10-17 மி.மீ. மீன்கண் ஜூம், சிறிய சென்சார் கேமரா வைத்திருக்கும் முக்குளிப்பாளர்களிடையே நெடுங்காலமாகப் புழங்குவது. முகப்பை ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளின் மீதும் குவியும். மூலைக்கு மூலை 180 பாகை பார்க்கும். அதன் குறை உலகறிந்தது. நேர்கோடுகளை வில்லாக வளைத்துவிடும்.

பவளத்தில் நேர்கோடு கிடையாது. மீனிலும் ஆமையிலும் கிடையாது. எனவே கடலுயிர் எடுப்பவர்கள் இவ்வளைவைக் கவனிப்பதேயில்லை. எங்களுக்கு வேண்டியதோ தூண். கற்சிற்பி ஒருவர் நூல் பிடித்து நிமிர்த்திய கோடு அது. அதை நேராகவே காட்டக்கூடிய நேர்கோட்டு அகல லென்ஸ்களும் உண்டு. ஆனால் சிறிய டோமின் வளைந்த பிம்பத்தின் முன் அவற்றின் மூலைகள் கரைந்துபோகும். அவற்றுக்குப் பெரிய டோம் வேண்டும். நல்ல கண்ணாடியில் பெரிய டோம், நல்ல லென்ஸ் ஒன்றின் விலைக்குக் குறையாது, பலவேளைகளில் தாண்டும். பழைய கேமராவும் இரண்டாங்கை ஹவுசிங்கும் வாங்கியபின் எங்களிடம் எஞ்சியிருந்தது ஒன்றுக்கான பணம். வளைத்துக் காட்டும் நெருக்கமா, நேராகக் காட்டும் விலகலா என்று தேர வேண்டியிருந்தது. இடிபட்டு, தள்ளப்பட்டு, நானூறு ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த ஒன்றை, நாங்களும் எங்கள் பங்குக்கு வளைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுவதா என்ற தயக்கம் பெரிதாகவே இருந்தது.

வழி இயற்பியல் பக்கத்திலிருந்து வந்தது. 'மீன்கண்' என்ற பெயரைத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட். நீருக்குள்ளிருந்து ஒரு மீன் மேலே பார்த்தால் வானம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருண்டு தெரியும். அதைப் படமாக்கிக் காட்ட நீர் நிரப்பிய கேமரா ஒன்றை அமைத்து, 1906-ல் அவர் கட்டுரை எழுதினார். அவ்வட்டத்தை வரைந்து மாணவர்களுக்கு விளக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. வளைவெல்லாம் மையத்தைச் சுற்றித்தான். மையத்தின் வழியாகச் செல்லும் கோடு எதுவும் வளைவதில்லை. மீன்கண் லென்ஸும் அதே சமச்சீர் உடையது. தூண் சட்டத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லுமாறு வைத்தால் அது நேராகவே விழும். படுத்துக் கிடந்தாலும் சரி, சாய்ந்து நின்றாலும் சரி.

கடந்த ஆண்டு மீன்கண் லென்ஸும் 10 செ.மீ. அக்ரிலிக் டோமும் வாங்கினோம். லென்ஸின் அந்தக் கூடுபுள்ளியை டோமின் மையத்துக்குக் கொண்டுவர, ஹவுசிங்குக்கும் டோமுக்கும் இடையே ஒரு வளையம் வேண்டும். சாப்பாட்டு மேசையில் இரண்டு ஊதுபத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, கேமராவை இடவலமாகத் திருப்பிப் பார்த்தோம். எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பினால் பின்பத்தி முன்பத்தியைவிட்டு விலகாமல் மறைந்தே நிற்கிறதோ அதுவே கூடுபுள்ளி. மீன்கண் லென்ஸில் அது பார்வைக் கோணத்துக்கேற்பச் சற்று நகரும்; நடுவாந்தரமான அளவொன்றைக் குறித்துக்கொண்டோம். எங்கள் டோம் முழு அரைக்கோளம், ஆகவே மையம் அதன் அடிவட்டத்திலேயே இருக்கிறது. கோளத்தின் ஒரு துண்டாக மட்டும் செய்யப்பட்ட டோம்களுக்கு மையம் அடிவட்டத்துக்கும் பின்னால் போகும். அவற்றை அளப்பது கடினம்.

வளையத்தை லேத்தில் கடைந்தது ஓசூரில், ஷிப்ட் முடிந்தபின் நண்பர் ஒருவரின் பட்டறையில். அலுமினியம், பின்பு ஆனடைசிங். ஓ-ரிங் உட்காரும் காடியில்தான் உயிர் இருக்கிறது. 3 மி.மீ. தடிப்புள்ள ரப்பருக்கு 3 மி.மீ. ஆழம் வெட்டினால் அது அழுந்தாது. அழுந்தாத ரப்பர் நீரைத் தடுக்காது. 2.4-ஐ ஒட்டி வெட்டி, அடிப்பரப்பில் உளிக்கோடு விரல் நகத்துக்குத் தட்டாதவரை மெருகிட்டோம். ஒரு தலைமுடி காடியில் கிடந்தாலும் கடல் அதன் வழியே வந்துவிடும் என்பார்கள். கேமராவுக்குப் பதிலாக உள்ளே செய்தித்தாள் வைத்து, கல் கட்டிக் கிணற்றில் ஓர் இரவு இறக்கிவைத்தோம். பிறகு, எங்களில் இளையவர் புதுச்சேரியில் முக்குளிக்கக் கற்ற நாட்களில், படகிலிருந்து 20 மீட்டருக்குக் கயிற்றில் இறக்கினார். இரண்டு முறையும் தாள் உலர்ந்தே வந்தது.

அதன்பிறகே கேமரா உள்ளே போயிற்று. உறவினர் தோட்டத்துக் கிணற்றில், இப்பகுதியில் வேலிக்கு நடும் கல்தூண்களில் ஒன்று எப்போதோ விழுந்து சாய்ந்து கிடக்கிறது. தை மாதத்தில் நீர் ஓரளவு தெளிந்திருந்தது. அரை மீட்டர் தொலைவில் நின்று அதையே எடுத்தோம். சட்டத்தின் ஓரத்தில் வைத்தபோது கல் வில்லாக வளைந்தது. நடுவில் வைத்தபோது நேராக நின்றது. அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவரும் படிகளும் கெண்டைக் குஞ்சுகளும் மேலேயிருந்த ஒரு துண்டு வானமும் வட்டமாகச் சுருண்டிருந்தன.

இரண்டு படங்களையும் அம்மாவிடம் காட்டினோம். வளைந்த கல்லைப் பார்த்து, "இது ஆர் வளைச்சது?" என்று கேட்டார். மற்றதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு, "அங்கயும் இப்பிடித்தான் கிடக்குமோ?" என்றார். அவருடைய கேள்விக்கு நாங்கள் விடை சொல்லவில்லை. அது கடல் சொல்ல வேண்டிய விடை.

திருகோணமலைப் பக்கத்துக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் போவதாக உத்தேசம். மாற்று ஓ-ரிங்குகள், சிலிக்கோன் கிரீஸ், டோமைத் தேய்க்கும் தாள் ஆகியவை பெட்டியில் ஏறிவிட்டன. கல்லைத் தொடுவதில்லை, சிறு துண்டும் எடுப்பதில்லை, பாறை மீது வளர்ந்திருக்கும் எதையும் உடைப்பதில்லை என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். நீர் எவ்வளவு தெளிந்திருக்கும் என்பது அன்றைய கடலின் கையில். அரை மீட்டருக்குள் நெருங்க முடிந்தால் போதும். தூணை நடுவில் வைப்போம். சுற்றியுள்ள பாறையும் மீனும் வளைந்தால் வளையட்டும்.